ஏழாம் கட்டத்துப் பாட்டு

முகாய் தெட்சுரோ என்ற பெயரைச் சொன்னால் ஜப்பானில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் போட்ட மெட்டைத் தெரியாத ஆள் அந்த நாட்டில் கிடையாது. ‘டிங் டிங் டிடிங்... டொய்ங்.’ அவ்வளவுதான் மெட்டே. ‘காக்கை மலை’ என்ற வீடியோ கேமில், மலையேறும் சாமியார் கால் தவறிப் பள்ளத்தில் விழும்போது வருவது. ஒசாகாப் பக்கத்தில் குழந்தை சைக்கிளிலிருந்து விழுந்தாலும் சரி, பேஸ்பாலில் சொந்த ஊர் அணி கோட்டை விட்டாலும் சரி, கல்யாணப் பேச்சு முறிந்தாலும் சரி, கூடியிருப்பவர்கள் வாயில் முதலில் வருவது அந்த டொய்ங்தான். சளி பிடித்த மூக்கோடு, சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் மனுஷன் போட்டுவிட்டு எழுந்த சனியன் அது.

அவர் உயிரைக் கொடுத்துப் போட்டது வேறு. ஏழாம் கட்டத்துப் பாட்டு. சாமியார் மலையுச்சிக்கு வரும்போது ஒலிப்பது. அந்தக் காலத்து மெஷினில் ஒரே நேரத்தில் மூன்று குரல்தான் பேசும். அந்த மூன்றை வைத்துக்கொண்டே, தூரத்தில் நாலாவதாக யாரோ பாடுவது போலக் காதை ஏமாற்றியிருந்தார். போட்டு முடித்த அன்று தனியாக உட்கார்ந்து அழுதார். சரி, அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? அந்த வயிற்றெரிச்சலை ஏன் கேட்கிறீர்கள்! ஒருத்தர்கூட அவர் கண்ணில் பட்டதில்லை.

எல்லாம் முதலாளி செய்த வேலை. “சீக்கிரம் முடிச்சுட்டாங்கன்னா பழைய கேம் கடையில கொண்டுபோய் வித்துருவானுங்க. கஷ்டமாக்கு, இன்னும் கஷ்டமாக்கு” என்று சொல்லிச் சொல்லி, நாலாம் கட்டத்திலேயே ஒரு காக்கைக் கூட்டத்தை அவிழ்த்துவிட்டார். ஊர் உலகமெல்லாம் அங்கேயே செத்தது. முகாயே இரண்டாம் கட்டத்தைத் தாண்டியதில்லை. பிற்பாடு கம்பெனி மூடிப்போக, ஒலிநாடாக்கள் எந்தக் குப்பையில் போயினவோ தெரியாது. அதற்கப்புறம் அவர் எத்தனையோ கேம்களுக்கு இசை போட்டார். பேட்டி எடுக்க வந்தவர்கள் எல்லோரும் கடைசியில், “ஒரே ஒரு தடவை அந்த டொய்ங் பண்ணிக் காட்டுங்களேன்” என்றார்கள். பண்ணிக் காட்டினார். வேறென்ன செய்வது?

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் நகராட்சியிலிருந்து நிஷிவாகி என்ற அதிகாரி இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். ஊர் ரயில் நிலையத்தில் ரயில் கதவு மூடும்போது ஒரு சின்ன இசை போடுவார்களே, அதற்கு உள்ளூர்க்காரரான முகாயின் மெட்டையே வைக்கப்போகிறார்களாம்.

“சென்செய்,” என்று குருவைக் கூப்பிடும் மரியாதையோடு ஆரம்பித்தான். “ஏழாம் கட்டத்துல ஒரு பாட்டு இருக்குன்னு எங்கியோ சொல்லியிருந்தீங்க. அதையே போட்டா என்ன? கில்லாடி யாரையாவது பிடிச்சு அதுவரைக்கும் ஆடவெச்சுப் பதிவு பண்ணிக்கலாம்.”

முகாய் காலமெல்லாம் காத்திருந்த கேள்வி. ஆனால் கேட்ட உடனே ‘சரி’ என்றால் அவரும் ஒரு மனுஷனா? கையை முகத்துக்கு முன்னால் விசிறினார்.

“ஐயையோ, அதெல்லாம் ஒண்ணுத்துக்கும் ஆகாத சரக்குங்க. ஊர் ஜனங்க காதுக்கு எதுக்கு அந்தத் தண்டனை?”

இனிமேல் நடக்க வேண்டியது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ‘அப்படிச் சொல்லலாமா’ என்று அவன் இரண்டாம் தடவை கேட்பான். இவர் தலையைச் சொறிவார். மூன்றாம் தடவை கேட்கும்போது, ‘இவ்வளவு தூரம் சொல்றீங்க’ என்று இவர் தலையாட்டுவார். பாழாய்ப்போன நிஷிவாகி படித்து வளர்ந்தது கனடாவில்.

“அப்படிங்களா? அப்பாடா! நான் நாலாம் கட்டத்துலயே செத்துட்டேன், யாரைப் பிடிக்கறதுன்னு முழிச்சுட்டு இருந்தேன். அப்ப டொய்ங்கையே போட்டுருவோம். சுருக்கமாவும் இருக்கு” என்று சந்தோஷமாக எழுந்து போய்விட்டான்.

பின்னாலேயே ஓடி ‘எனக்கு வேணும்’ என்று சொல்வது, அந்த ஊரில் வேட்டி இல்லாமல் தெருவில் ஓடுவதற்குச் சமம். முகாய் இனிப்புப் பெட்டியைக் கோபத்தோடு காலி செய்தார். மனைவி கனாயே விஷயத்தைக் கேட்டுவிட்டு, “வேணும்னா வேணும்னு சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?” என்றாள். அப்போது உண்மையிலேயே வாய் நிறைய இருந்தது.

திறப்பு விழாவன்று மேயர் ரிப்பன் வெட்டினார். புது மெட்டோடு கிளம்பும் முதல் ரயிலில் முகாய் ஏறிக் கையசைக்க வேண்டும் என்று ஏற்பாடு. வாசல் வரை போனவர், மரியாதைக்குத் திரும்பிக் குனிந்து வணங்கினார். மேயரும் குனிந்தார். முகாய் இன்னும் தாழக் குனிந்தார். விடுவாரா மேயர்? அவரும் குனிந்தார். முதலில் நிமிர்ந்தவன் மரியாதை கெட்டவன் அல்லவா! ‘டிங் டிங் டிடிங்... டொய்ங்.’ கதவு மூடியது. ரயில் போய்விட்டது.

நடைமேடை முழுக்க “ஆஆஆ...” என்று ஒரே குரலில் அங்கலாய்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. “என்ன ஒரு நகைச்சுவை உணர்வு, சென்செய்!” என்று மேயர் கை தட்டினார். முகாய்க்குத் தண்டவாளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கூட்டம் கலைந்தது. அடுத்த ரயிலுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, சலவைத் துணி மூட்டையோடு ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நானும் ரயிலை விட்டுட்டேன், சென்செய். என் பேரு சட்சுகி. ட்ரை கிளீனிங் கடை வெச்சிருக்கேன். சின்ன வயசுல காக்கை மலை ஆடியிருக்கேன். முழுசா.”

“முழுசான்னா?”

“உச்சி வரைக்கும். எவ்வளவு தடவைன்னு கணக்கே இல்ல.”

முகாய் அவள் கையைப் பிடிக்காத குறை. “ஏழாம் கட்டம்... அந்தப் பாட்டு... எப்படி இருந்துச்சு?”

சட்சுகி தலையைக் குனிந்துகொண்டாள். “மன்னிச்சிருங்க. அம்மா ராத்திரி வேலை பாத்துட்டு வந்து பகல்ல பக்கத்து ரூம்ல தூங்குவாங்க. சுவர் வெறும் அட்டை மாதிரி. சத்தம் வந்தா மெஷினை ஜன்னல் வழியா வீசிருவேன்னு சொல்லிட்டாங்க. சவுண்டை அணைச்சுட்டுத்தான் ஆடினேன்.”

முகாய் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. உலகத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்த ஒரே ஜீவன், அதுவும் காதை மூடிக்கொண்டு!

அவள் பயந்துபோனாள். “மெஷின் இன்னும் கடைக்குப் பின்னாடி இருக்கு. ரெண்டு தெருதான். வர்றீங்களா?”

மடித்து வைத்த சட்டைகளுக்கு நடுவே சட்சுகி பழைய டிவியைப் போட்டாள். பழக்கதோஷம், சத்தமில்லாமல்தான் ஆட வந்தது. நாலாம் கட்டத்துக் காக்கைகளை ஈ ஓட்டுவது போல ஓட்டினாள். ஐந்து, ஆறு தாண்டியது. ஏழாவது வந்ததும் முகாய் சத்தத்தைத் திருகினார்.

மூன்று குரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. தூரத்தில் நாலாவதாக யாரோ பாடினார்கள். நாமா போட்டோம் இதை என்று அவருக்கே நம்ப முடியவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

‘டொய்ங்.’

சாமியார் பள்ளத்தில் கிடந்தார். முகாய் திரும்பிப் பார்த்தார். சட்சுகியின் கைகள் மடியில் சும்மா கிடந்தன.

“ஏம்மா, ஏன் ஆடறதை நிறுத்திட்டீங்க?”

“தெரியலீங்க. பாட்டைக் கேட்டேன், கை நின்னுபோச்சு.” மூக்கை உறிஞ்சினாள். “இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு?”

“பாதிக்கு மேல.”

“அப்ப முதல்லேர்ந்து ஆடட்டுமா? உங்களுக்கு நேரமிருக்கா?”

முகாய் மரியாதைக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.