திருப்பிப் பார்த்த படம்

ஸ்கேன் படம் கைக்கு வந்துவிட்டது. பார்த்துச் சொல்ல வேண்டிய டாக்டர் நாலு மணிக்குத்தான் வருவாராம். மணி இன்னும் ரெண்டுகூட ஆகவில்லை. ஹபிபுல்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உக்கடத்தில் இருபது வருஷமாக முட்டை வியாபாரம். பல்புக்கு நேரே பிடித்தால் போதும், ஓட்டுக்குள் கெட்டது எது என்று கண் சொல்லிவிடும். அந்தத் திமிரில், மனைவி ஜுபைதாவின் தலை ஸ்கேன் படத்தை உறையிலிருந்து உருவி, ஆஸ்பத்திரி ஜன்னல் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

நடுவில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. திருப்பினான். தலைகீழாகப் பிடித்தான். மறுபடியும் திருப்பினான். எல்லார் தலைக்குள்ளும் இப்படித்தான் இருக்குமோ, யா அல்லா, இவளுக்கு மட்டும்தானோ? இந்தப் பாழாய்ப்போன கண்ணுக்கு முட்டையைத் தவிர என்ன தெரியும்?

"ஏனுங்க, என்னங்க தெரியுது?" பெஞ்சில் இருந்தபடியே ஜுபைதா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, சுத்தமா இருக்குது." படத்தை உறைக்குள் திணித்தான்.

அந்த இருபது வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையில் முட்டை அடுக்கியவள் அவள். அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல முட்டைய நீங்க ஒருநாளும் ரெண்டாந்தடவ திருப்பிப் பார்த்ததில்லைங்களே" என்றாள்.