முதுகில் தட்டும் வரை

குளவிக்கு ஓடக் கூடாது. இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கப் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வாள். தேயிலைச் செடிக்கு அடியில் கூடு கட்டியிருப்பது யாருக்குத் தெரியும்? கை பட்டாலும் கிளம்பும், காற்றடித்தாலும் கிளம்பும். ஓடுகிறவளைத்தான் துரத்தும். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, முழங்காலை வயிற்றோடு மடக்கிக் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொள்ள வேண்டும். பிறகு கல்லு மாதிரிக் கிடக்க வேண்டும்.

மீனம்மா இதைத் தன் மகள் சுதர்ஷினிக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டாள். கூடவே தன் பங்குக்கு ஒரு சட்டமும் போட்டாள். யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே, நான் வந்து முதுகில் தட்டினால்தான் எழுந்திருக்க வேண்டும் என்றாள். காரணமில்லாமல் போட்ட சட்டமில்லை. குளவியெல்லாம் போய்விட்டது என்று நம்பித் தலையைத் தூக்கின மீனம்மாவின் மாமியார், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்ச் சேர்ந்தாள்.

சுதர்ஷினிக்குப் பத்து வயதிருக்கும்போது, பள்ளிக்கூட லீவில் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன அன்றைக்குக் குளவி கலைந்தது. அத்தனை பேரும் விழுந்து படுத்தார்கள். கடைசியில் கங்காணி ரோட்டிலிருந்து கை தட்டிக் கூப்பிட, ஒவ்வொருத்தியாக எழுந்து முகம் வீங்கி நின்றார்கள். சுதர்ஷினி மட்டும் எழுந்திருக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அசையவில்லை. போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டுக் காளியாயி ஒப்பாரிக்கே வாயைத் திறந்துவிட்டாள். மீனம்மா தள்ளாடி வந்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டியதும், பிள்ளை அம்மா தூக்கிப் போட்ட படங்கை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. ஒரு கொட்டு கூட இல்லை. அன்றைக்கு மீனம்மாவுக்கு வந்த பெருமை பத்து லயத்துக்குப் போதும். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அந்தப் பேர்தான் பின்னால் வினையாக வந்தது.

சுதர்ஷினி குவைத்துக்குப் போனது போன வருஷம். பெருமழையில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டின் பின் சுவர் வெடித்து, மேட்டிலிருந்து மண் இறங்கத் தொடங்கியிருந்தது. இன்னொரு மழைக்கு இது தாங்காது அம்மா, தனியாக ஒரு வீடு கட்டிக்கொள்வோம் என்று அவள்தான் முதலில் சொன்னாள். கட்ட ஒரு துண்டு நிலம் கிடைத்திருந்தது. கட்டுவதற்குத்தான் வழியில்லை. தகப்பன் இல்லாத வீடு. சுதர்ஷினி ஹட்டனில் துணிக்கடையில் நின்று வாங்குகிற சம்பளத்தில் ஒரு சுவர் கூட எழுப்ப முடியாது. கொட்டகலை பஜாரில் போன் கடை வைத்துக்கொண்டு, அப்படியே வெளிநாட்டுக்கு ஆளும் அனுப்பிக்கொண்டிருந்த செல்லசாமி, தேன் ஒழுகப் பேசினார். அக்கரையிலிருந்து கப்பலேறி வந்து காட்டையே தோட்டமாக்கின சனம் நாம், ஒரு வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பிழைக்க மாட்டோமா என்று கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் முகம் தெரியும். மீனம்மாவும் பக்கத்துக் காம்பரா காளியாயியும் வாசல்படியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். வீட்டுக்கார அம்மாவை அங்கே ‘மாமா’ என்றுதான் கூப்பிட வேண்டுமாம், ஐயாவை ‘பாபா’ என்று. இதைக் கேட்டுக் காளியாயி சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் வழிந்தது. வெயில் காலத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீராக வருமாம். வீட்டுக்குள்ளே நம்ம ஊர் மார்கழி தோற்றுப்போகிற குளிராம். யல்லா என்றால் சீக்கிரம், தஆலி என்றால் இங்கே வா. கங்காணி சொல்வதையேதான் இவர்களும் சொல்கிறார்கள், பாஷைதான் வேறே என்று சுதர்ஷினி சொல்வாள். பெரிய தாம்பாளத்தில் ஆட்டுக்கறிச் சோறு ஆக்கப் படித்துக்கொண்டாள். கம்பளத்தில் சுவடு விழாமல் நடக்கப் படித்துக்கொண்டாள். துணி கழுவும் மிஷின் வைத்த அறையில், மிஷின் சத்தத்திலேயே தூங்கப் பழகிவிட்டாள். எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று மீனம்மா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் பீற்றிக்கொண்டாள்.

அவர்கள் வாயில் சுதர்ஷினி என்ற பேர் நுழையவில்லை. ஸாரா என்று வைத்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனம்மா போனில் “சுதா” என்று கூப்பிட்டபோது, மகள் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உணர்ந்து திரும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. பழகுவது என்றால் இவ்வளவு தூரமா பழகுவது?

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கார அம்மாவின் தம்பி வந்து சேர்ந்தான். எங்கேயோ வேலையை விட்டுவிட்டு வந்தவன், அங்கேயே தங்கிவிட்டான். அவன் பேரை சுதர்ஷினி ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. அவள் பேச்சு குறைந்தது. முகத்தைக் காட்டாமல் வெறும் குரலில் பேசினாள். காட்டினாலும் கழுத்து வரை துணியைச் சுற்றியிருந்தாள். அம்மா வற்புறுத்திக் கேட்டபோது ஒன்று சொன்னாள். தான் படுக்கிற அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை, இருந்ததைக் கழற்றிவிட்டார்கள் என்றாள்.

மீனம்மா அன்றைக்கே பஸ் ஏறிச் செல்லசாமியின் கடைக்குப் போனாள். அவர் அவளை உட்கார வைத்து, பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“வீட்ட விட்டு வெளிய கால வச்சா அவங்க போலீசுல சொல்லிருவாங்கக்கா. அப்புறம் நம்மளால ஒண்ணும் செய்ய முடியாது. மாமாகிட்ட நான் பேசுறேன். அது வரைக்கும் கொஞ்சம் அனுசரிச்சு இருக்கச் சொல்லுங்க.”

பொறுத்தார் பூமி ஆள்வார் என்றும் ஒரு பழமொழியை எடுத்து விட்டார். மீனம்மாவும் தலையாட்டினாள். பொறுத்தவர்கள் பூமி ஆள்வது மெய்யானால், இந்த மலைநாடு எப்போதோ கொழுந்து எடுக்கிறவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அதை அவருக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஏசினால் தலையைக் குனி, தொரை வந்தால் ஒதுங்கி நில் என்று வளர்ந்தவளுக்கு, அனுசரித்துப் போ என்பது நல்ல புத்தியாகத்தான் பட்டது. ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தத் தாழ்ப்பாள் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அடுத்த வாரம், மதியக் கொழுந்து நேரத்தில், மீனம்மாவின் இடுப்பு முடிச்சுக்குள் போன் நடுங்கியது. மலை உச்சியில் பாறைக்குப் பக்கத்தில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். கூடையோடு ஏறி ஓடினாள். சுதர்ஷினி ரகசியக் குரலில் பேசினாள். வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். அவனும் போயிருக்கிறான். வெளிக்கேட்டைப் பூட்ட மறந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் சமைக்கிற ஜெயந்தினி, வலப்பனைக்காரி, கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். டாக்ஸி பிடித்து நம்ம நாட்டு எம்பசியில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறாள்.

“போகவாம்மா? சொல்லு. அவங்க வந்துருவாங்க.”

மீனம்மாவின் கண்ணுக்கு முன்னால் போலீசும், ஜெயிலும், முன்பின் தெரியாத ஊரில் நடுரோட்டில் செருப்பில்லாமல் ஓடுகிற தன் பிள்ளையும் வந்து நின்றன. ஓடுகிறவளைத்தான் துரத்தும். அவளுக்குத் தெரிந்த ஒரே பாடம் அது. அந்தப் பாடத்தால்தான் இந்தப் பிள்ளை ஒரு தடவை பிழைத்தது. அதையே திரும்பச் சொன்னாள்.

“ஓடாத தாயி. குளவி வந்தப்ப எப்பிடிக் கெடந்த? அப்பிடியே கெட. அசையாத. செல்லசாமி பேசுறேன்னுருக்காரு. எல்லாம் தானா போயிரும்.”

அந்தப் பக்கத்தில், தூரத்தில் ஒரு பெண் குரல் அக்கா, அக்கா என்று கூப்பிடுவது கேட்டது. ஜெயந்தினியாக இருக்கும்.

“நீ வந்து தட்டுவியாம்மா?” என்று சுதர்ஷினி கேட்டாள்.

“தட்டுவேன் தாயி.”

“சரி,” என்றாள் பிள்ளை. சொன்ன பேச்சைக் கேட்கிறவள் அல்லவா, அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மீனம்மா அனுப்பிய குரல் பதிவுகள் போய்ச் சேராமல் நின்றன. செல்லசாமியைக் கேட்டால் போன் உடைந்திருக்கும் என்றார், பிறகு வீட்டார் ஊரில் இல்லை என்றார், அதற்குப் பிறகு தான் கடையில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். மழை வேறே பிடித்துக்கொண்டது. பனி மூட்டம் லயத்து வாசல் வரை இறங்கி நின்றது. வெடித்த சுவருக்குப் பின்னால் மண் பிசுபிசுவென்று இறங்கிக்கொண்டேயிருந்தது. மீனம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை.

கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், ஒருநாள் காளியாயியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட் திறந்திருந்ததையும், தான் சொன்ன புத்தியையும், தட்டுவேன் என்று வாக்குக் கொடுத்ததையும் மறைக்கவில்லை. காளியாயி வாயாடி. ஒன்றுக்கு ஒன்பது பேசுவாள். அன்றைக்கு லயத்துக்கு ஏறுகிற படியில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“குளவி கொட்டிட்டுக் கூட்டுக்குப் போயிரும், மீனா. இவனுக்கு அதுதானே வீடு. இவன் எங்க போவான்?”

மீனம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு சின்ன விஷயம் தன் புத்தியில் படாமல் போய்விட்டதே என்று நெஞ்சு வெந்தது. அங்கேயே போனை எடுத்து, ஓடு சுதா, எந்தக் கதவு திறந்திருந்தாலும் ஓடு, போலீசு பிடித்தாலும் பரவாயில்லை என்று அழுதுகொண்டே பேசி அனுப்பினாள். அதுவும் முன்னே போனவற்றோடு சேர்ந்து நின்றது.

மறுநாள் அவள் பெரட்டுக்குப் போகவில்லை. செல்லசாமியின் கடை வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். காளியாயியும் பக்கத்தில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லத் தொடங்கினாள். அவள் வாய்க்குப் பயப்படாத கடைக்காரர் கொட்டகலையில் இல்லை. பதினொரு மணிக்குள் செல்லசாமி இருவரையும் உள்ளே கூப்பிட்டு, குவைத்துக்குப் போன் போட்டார். என்னமோ அரபியில் பேசினார், சிரித்தார், குழைந்தார். பிறகு போனை மீனம்மாவிடம் நீட்டினார்.

“லேசாக் காய்ச்சலாம்கா. தூங்குதாம். மாமா காட்டுறாங்க, பாத்துக்கங்க.”

திரையில் ஒரு கூடம் ஓடியது, ஒரு நடை ஓடியது. பிறகு துணி கழுவும் மிஷின் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் தரையில் ஒரு பாய், பாயில் வெள்ளைப் போர்வை, போர்வைக்குள்ளே ஆள். கையில் வளையல் குலுங்க யாரோ போர்வையைச் சுட்டிக்காட்டி, “ஸாரா நௌம், நௌம்” என்றார்கள். தூங்குகிறாளாம்.

மீனம்மா உற்றுப் பார்த்தாள். தலை தெரியவில்லை. குப்புறக் கிடந்த உருவம், முழங்கால் இரண்டும் வயிற்றோடு மடங்கி, முதுகு மேலே தூக்கியிருந்தது. பிடரிப் பக்கம் போர்வை இரண்டு மேடாக எழும்பி நின்றது. உள்ளே இரண்டு கையும் கழுத்தைப் பொத்தியிருக்கின்றன. இப்படி யாரும் தூங்குவதில்லை. இப்படிப் படுக்கக் கற்றுக் கொடுத்தவளுக்கு அது தெரியாதா? போர்வை லேசாக ஏறி இறங்கியது. உயிர் இருக்கிறது.

“சுதா,” என்று கூப்பிட்டாள். “அம்மா பேசுறேன். எந்திரி தாயி. நான் சொன்னது தப்பு. எந்திரிச்சு ஓடு.”

போர்வை அசையவில்லை. மீனம்மா கத்தினாள். கடைக்கு வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது, அம்மாவே பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் கூடாது. அப்படித்தான் பிள்ளைக்குச் சொல்லியிருந்தாள். பிள்ளை அச்சுப் பிசகாமல் அப்படியே கிடந்தது. போர்வைக்கு அப்பால், அறை வாசலில், ஒரு ஆண் பிள்ளையின் கால் இரண்டு வந்து நின்றன.

என்ன செய்கிறோம் என்று மீனம்மாவுக்குத் தெரியவில்லை. கொழுந்துக் கறை ஏறிய விரலை நீட்டி, கண்ணாடிக்குள் தெரிந்த அந்த முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். திரையில் என்னென்னவோ வட்டங்கள் வந்து முதுகை மறைத்தன. அவள் விடவில்லை. முதுகு இருந்த இடத்திலேயே, வட்டத்தின் மேலேயே, இரண்டாவது தடவையும் தட்டினாள். அது பேச்சைத் துண்டிக்கிற சிவப்பு வட்டம். திரை இருண்டுவிட்டது.

செல்லசாமி போனைப் பிடுங்கித் திரும்பவும் அடித்தார். மணி போய்க்கொண்டேயிருந்தது. அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.