உள்பக்கத்துப் பூட்டு

தம்பிஐயா அண்ணையின் வளவுக்கும் என் வளவுக்கும் இடையில் எட்டடி மதில் எழும்பியபோது, "ஒரு சின்னப் படலையாவது விடுங்கோ" என்று நான் கேட்டேன். கேட்டது அவரிடம் இல்லை, கனடாவில் இருக்கிற அவருடைய மகள் தக்சாயினியிடம். காங்கேசன்துறையில் ஒரு மதிலில் எங்கே வழி விடுவது என்பதை இந்தக் காலத்தில் கனடாவில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவள் பாவம், ஓம் என்றாள். அடுத்த நாள் அவளுடைய புருசன் கோபிசங்கர் போன் எடுத்தான்.

"படலை வைச்சா அது மதில் இல்லை, மாமி. பக்கத்து ஒழுங்கையிலை களவு போனது தெரியும்தானே?"

அத்தோடு என் கதை எடுபடவில்லை.

தம்பிஐயா அண்ணைக்கு எண்பத்தொன்பது வயது. எனக்கு எழுபத்தொன்று. ஆமி பிடித்து வைத்திருந்த காணியை விட்ட பிறகு, இந்த ஒழுங்கைக்கு முதலில் திரும்பி வந்த இரண்டு குடும்பங்கள் நாங்கள்தான். அவருடைய மனைவி இரத்தினம்மா அக்கா போய்ச் சேர்ந்த பிறகு, அவருக்குச் சாப்பாடு கொடுப்பது, குளிசையை நேரத்துக்கு விழுங்க வைப்பது எல்லாம் என் பாடு. என் மகன் கொழும்பில். வருசப் பிறப்புக்கு வருவான், இரண்டு நாள் நிற்பான், என் முழங்காலைப் பார்த்து "டொக்டரிட்டைக் காட்டுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டுப் போவான். ஆகக் கிழடைக் கிழடுதான் பார்க்கிறது. எங்கள் ஒழுங்கையில் இப்போது வேறு வழி இல்லை.

முன்பு தகர வேலியில் ஆள் நுழைகிற ஒரு பொட்டு இருந்தது. தலையைக் குனிந்தால் அவருடைய குசினி வாசலில் நிற்பேன். மதில் வந்ததும் ஒழுங்கைக்கு இறங்கி, சுற்றிப் போய்க் கேற்றில் தட்டி, அவர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து திறக்கும் மட்டும் வெயிலில் நிற்க வேண்டும் என்று ஆயிற்று. இப்படி வரும் என்று தெரிந்துதான் மனுசன் மதில் எழும்பும்போதே ஒரு வேலை செய்தார். மேசனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, அடியில் ஒரு கல்லை வைக்க விடவில்லை. மகளுக்குச் சொன்ன சாட்டு, மழைத்தண்ணி ஓட வேண்டும் என்பது. அந்த ஓட்டையால்தான் பிறகு எங்கள் கொடுக்கல் வாங்கல். நான் இந்தப் பக்கம் பலகை போட்டுக் குந்தி இடியப்பத்தை நீட்ட, அவர் அந்தப் பக்கம் குந்தி வாங்குவார். குந்தினால் இரண்டு பேருக்கும் எழும்ப முடியாது. எழும்பும்போது போடுகிற சத்தத்தில் காகம் பறக்கும்.

"கடத்தல் சாமான் மாதிரி எல்லோ வாங்குறன், பவளம்" என்பார். கப்பலில் வேலை செய்தவர், பகிடிக்குக் குறைவில்லை.

மதிலோடு கமராவும் வந்தது. முற்றத்தில் ஒன்று, கேற்றடியில் ஒன்று, குசினிப் பின்பக்கம் ஒன்று. தக்சாயினி காலையும் மாலையும் அதில் தகப்பனைப் பார்ப்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். "அப்பா ஏன் இண்டைக்குப் பொல்லுப் பிடிக்கேல்லை?" என்று கேட்டு அழுகிற பிள்ளை அவள். பின்னேரமானால் ஒரு கேள்வி தவறாது வரும்.

"அப்பா, கேற் பூட்டினீங்களோ?"

அவர் போய் உள்பக்கத்தில் தொங்கும் ஆமைப்பூட்டை இழுத்துக் காட்டுவார். கமராவைப் பார்த்து நெற்றியில் கைவைத்து ஒரு சலூட்டும் அடிப்பார். "இப்ப கப்டன் அவள்தான். சொல்லுக் கேட்கத்தானே வேணும்" என்பார் என்னிடம். அந்தப் பூட்டின் திறப்பைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். இரவும் பகலும் பூட்டுத்தான். அந்தக் கேற்றில் ஆரம்பத்தில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. வெளியில் நின்று கையை விட்டுப் பூட்டைத் திறக்கலாம். கள்ளனும் திறக்கலாம்தானே என்று கோபிசங்கர் போனிலேயே வெல்டிங் கடைக்குச் சொல்லி, அதற்கு மேல் ஒரு தகட்டை ஒட்டுவித்தான். அதன் பிறகு வெளியில் இருந்து பார்த்தால் அது கேற் இல்லை, இரும்புச் சுவர்.

அன்றைக்குக் கோவிலில் தேர். ஒழுங்கை முழுக்கத் தேரடிக்குப் போய்விட்டது. முழங்கால் விடாததால் நான் போகவில்லை. மத்தியானம் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் எடுத்துக்கொண்டு ஓட்டையடிக்குப் போனேன். பலகையைப் போட முதலே கையைக் கண்டுவிட்டேன். ஓட்டைக்குள்ளால் முழங்கை வரைக்கும் வெளியே நீண்டு, மண்ணில் கிடந்தது.

"அண்ணை!"

"விழுந்திட்டன், பவளம். கிணத்தடியிலை. இழுத்திழுத்து இதுமட்டும் வந்திட்டன். நீ வருவாய் எண்டு தெரியும்."

"எங்கை நோகுது?"

"நெஞ்சு. இடுப்பும் அசையேல்லை." மூச்சு வாங்கிக்கொண்டு கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். திறப்பு ஓட்டையால் வந்தது. "திற, பிள்ளை."

நான் திறப்பைப் பொத்திக்கொண்டு போனேன். ஓடினேன் என்று சொன்னால் என் முழங்கால் சிரிக்கும், ஆனால் ஓடத்தான் பார்த்தேன். கேற்றடியில் போய்த் திறப்பை நீட்டிய பிறகுதான் விளங்கியது. போட இடம் இல்லை. பூட்டு அந்தப் பக்கம். எத்தனையோ நாள் அந்தக் கேற்றடியில் வெயிலில் நின்றவள் நான், எனக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் மறந்து போனேன். தகட்டில் கையால் அடித்தேன், கல்லால் அடித்தேன். ஒழுங்கையில் நின்று கத்தினேன். தேரடி ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

தெரிந்த நம்பருக்கெல்லாம் அடித்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தில் யாருக்குப் போன் கேட்கும்? கடைசியில் தக்சாயினிக்கு அடித்தேன். அங்கே சாமம். முதல் மணியிலேயே எடுத்தாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் சாமத்து மணிக்கு அப்படித்தான் எழும்புவார்கள்.

"அப்பா விழுந்திட்டார், பிள்ளை. கமராவிலை பார்."

அவள் பார்த்தாள். "ஐயோ, மதிலோடை கிடக்கிறார், மாமி! அசையிறார். அசையிறார், மாமி. உள்ளை போங்கோ!"

"போக ஏலாது. கேற் பூட்டு."

"அப்பா திறப்பை உங்களிட்டைத் தாறாரோ எண்டு பாருங்கோ!"

"தந்திட்டார்."

"பிறகென்ன? திறவுங்கோ!"

"வெளியிலை ஓட்டை இல்லை, பிள்ளை" என்று கத்தினேன். அவளுக்கு விளங்கவில்லை, அல்லது கேட்கவில்லை. அம்புலன்சுக்கு அடிக்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள். அம்புலன்சும் புறப்பட்டதாம். ஆனால் வீதியில் தேர் நின்றது. சுற்றி வர வேண்டும்.

தேரடிக்கு நடந்து போய் ஆள் கூட்டிவரலாமா என்று யோசித்தேன். என் நடைக்கு அது எப்போது முடிகிற காரியம்? திரும்பி ஓட்டையடிக்கு வந்து, பலகை இல்லாமல் மண்ணில் குந்தி, அவருடைய கையைப் பிடித்தேன். என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

"திறந்திட்டியோ?"

"ஆக்கள் வருகினம், அண்ணை."

"தக்சாவுக்குச் சொல்லாதை. நித்திரையாயிருப்பாள்."

"ஓம்" என்றேன். அவள் ஒரு கமராவில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? ஒரு எட்டடி மதிலின் இந்தப் பக்கம் நான், உலகத்தின் அந்தப் பக்கம் அவள். அவருக்கு இரண்டு பேர் இருந்தும் ஒரு மிடறு தண்ணீர் பருக்க ஆள் இல்லை. தண்ணீரை ஓட்டையால் நீட்டிப் பார்த்தேன். தலையைத் திருப்ப அவரால் முடியவில்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. யார் மீது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மதில் கட்டியவனும் அவருடைய நன்மைக்குத்தான் கட்டினான்.

கொஞ்ச நேரத்தில் அவர் கதைப்பதை நிறுத்தினார். பிறகு விரல்கள் என் கையைப் பிடிப்பதையும் நிறுத்தின. நான் விடவில்லை.

தேர் திரும்பி இருப்புக்கு வந்த பிறகுதான் ஓட்டோக்கார மயூரதன் இந்தப் பக்கம் வந்தான். அம்புலன்ஸ் அப்போதும் வந்து சேரவில்லை. மதில் மேலே கண்ணாடித் துண்டுகள் பதித்திருந்தார்கள். சாக்கை மடித்துப் போட்டு ஏறிக் குதித்தான், உள்ளங்கை கிழிந்தது. "திறப்பை எறியுங்கோ, மாமி!" என்றான். எறிந்தேன். கேற் திறந்தபோது, திறந்து என்ன பயன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

தக்சாயினி வந்து சேர்ந்தாள். தேற்ற முடியாத அழுகை. எரித்து, காடாற்றி, எட்டாம் நாள் எட்டுச் செலவும் ஆயிற்று. அன்று பின்னேரம், வந்த சொந்தக்காரர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு முற்றத்தில் இருந்தார்கள். அவள் அந்தக் கயிற்றையும் திறப்பையும் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமி, கேட்கிறன் எண்டு கோவிக்காதையுங்கோ. கமராவிலை பார்த்தனான். அப்பா திறப்பைத் தந்தவர். திறப்பு உங்கடை கையிலைதானே இருந்தது. ஏன் திறக்கேல்லை?"

அவள் கேட்டதில் வஞ்சகம் இல்லை, அதுதான் என்னைச் சுட்டது. அவளுக்கு அந்தக் கேற்றைக் கமராவில்தான் தெரியும். கமரா காட்டுவது உள்பக்கத்தை. அங்கே பூட்டு நன்றாகத் தெரியும். அவள் வந்த நாளில் இருந்து கேற் திறந்தே கிடந்தது. செத்த வீட்டுக் கேற்றை யார் பூட்டுவார்கள்?

"வா, பிள்ளை" என்று அவளைக் கேற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "நீ திறப்போடை வெளியிலை நில். நான் உள்ளை நிண்டு பூட்டுறன். நீ திறந்துகொண்டு வா."

"பவளமக்கா, விடுங்கோ" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். நான் விடவில்லை. அவள் வெளியே போனாள். நான் கேற்றை இழுத்துச் சாத்தி, ஆமைப்பூட்டை அமத்திப் பூட்டினேன்.

தகட்டில் அவளுடைய உள்ளங்கை உரசுகிற சத்தம் கேட்டது. முதலில் பூட்டு இருக்கிற உயரத்தில். பிறகு மேலே, பிறகு கீழே. பிணைச்சல் பக்கம் போய்த் திரும்பியும் வந்தது. ஒட்டிய தகட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

"மாமி" என்றாள். குரல் வேறாக இருந்தது. "மாமி, திறவுங்கோ."

அவளுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் செய்தேன். இப்போது ஏன் செய்தேன் என்று இருந்தது. ஓடிப்போய்த் திறந்து அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அது அசையவில்லை.

"என்னாலை ஏலாது, பிள்ளை" என்றேன். "திறப்பு உன்ரை கையிலைதானே இருக்கு."

கேற்றுக்கு அந்தப் பக்கம் அவள் குந்தியிருந்து அழுகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் நான் நின்றேன்.