கண்ணாடியில் மூன்று பொட்டு

கயித்தான் மறுபடியும் போனில் இருந்த சிவப்புப் பொட்டில் பெருவிரலை வைத்து அழுத்தினார். பாட்டு கேட்கவேண்டியது மனைவி அல்போன்சா படுத்திருக்கும் அறையில். சத்தம் வந்ததோ அடுப்படி ஸ்பீக்கரில். அதுவும் பாட்டு இல்லை; எவனோ ஒருவன் இங்கிலீஷில் சிரித்துச் சிரித்துப் பேசினான்.

“ஏளா விஜிலா, யாரு இவன், நம்ம அடுப்படியில?”

மருமகள் ஓடிவந்து போனை வாங்கிப் பார்த்தாள். “மாமா, ராத்திரி அப்டேட் ஆயிருக்கு. எல்லாம் இடம் மாறிட்டு.”

“யாரு மாத்துனா?”

“அதுவா மாறிக்கிடும் மாமா.”

“நான் தூங்கும்போது என் வீட்டுக்குள்ள வந்து சாமான இடம் மாத்தி வைக்கவனுக்குப் பேரு திருடன்.”

ஸ்பீக்கர் மூன்றையும் கப்பல் வேலைக்குப் போகிற மகன் மெல்வின் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்தான். வெள்ளை வெளேரென்று உருளை உருளையாக இருக்கும். திருக ஒரு குமிழ் கிடையாது. போன் சொன்னால்தான் பாடும். கயித்தானுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். இங்கிலீஷுக்கு எங்கே போவார்? விஜிலாவிடம் கியூடெக்ஸ் வாங்கிப் போன் கண்ணாடியில் மூன்று பொட்டு வைத்துக்கொண்டார். முதல் பொட்டு அல்போன்சாவின் அறை. அடுத்தது அவள் பாட்டு. கீழே இருப்பது சத்தத்தைக் குறைக்க. இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். இப்போது அந்தப் பொட்டுகள், கடை காலியான பிறகும் தொங்குகிற போர்டு மாதிரி நின்றன.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அல்போன்சாவை ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். விடிந்ததிலிருந்து அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒருதரம் கண் திறந்து கயித்தானைப் பார்த்தாள்.

“பைலா போடுங்க” என்றாள். அவ்வளவுதான். பிறகு பேசவில்லை.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். கல்யாணத்தன்று பாண்டுக்காரர்கள் அந்த ஊர் ஆட்டப்பாட்டான பைலாவை வாசித்ததும் மணப்பெண் மேடையை விட்டு இறங்கி ஆடிவிட்டாள். கயித்தானின் அம்மா சாகிறவரை அதைக் குத்திக் காட்டினாள். அல்போன்சா அதற்குப் பிறகு ஆடவில்லை. கேட்பதை மட்டும் விடவில்லை.

“அத்தான்!” அல்போன்சாவின் தங்கை ஆனி தலைமாட்டில் இருந்தாள். அக்காவின் காதில் ‘இயேசு, மரி, சூசை’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். “நல்ல மரணத்துக்குச் செபிக்க வேண்டிய நேரத்துல பைலாவா? ஊரு சிரிக்காது?”

“ஒரு காதுல நீ செபத்தச் சொல்லு. இன்னொரு காது அவளுக்குச் சொந்தம்.”

விஜிலா போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். “பாட்ட எல்லாம் உள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கான் மாமா. திறக்க ஒரு நம்பர் வேணுமாம். அது அவுக போனுக்குத்தான் வரும்.”

மெல்வின் கப்பல் வைஃபையில் பேசினான். குரல் வெட்டி வெட்டி வந்தது. “நம்பர் வரலப்பா, நடுக்கடல்ல கெடக்கோம். கரை பக்கம் போயி டவர் கெடச்சாத்தான் வரும். புதுசு நல்லாத்தாம்ப்பா இருக்கும். ரெண்டு நாள்ல பழகிரும்.”

“நானும் வின்ச் ஓட்டுனவன்தாம்ல. ஹார்பர்ல ஒரு நாளாவது லிவர் இடம் மாறிக் கெடந்துச்சா? தூக்குன சரக்கு ஆளு தலையில விழும்லா?”

“அது வேறப்பா…”

“ரெண்டு நாளு உங்கம்மைகிட்ட இருக்கால?”

“அம்மா காதுல போன வைங்கப்பா” என்றான். கயித்தான் வைத்தார். மகன் என்ன சொன்னான் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. லைன் அறுந்த பிறகும் எடுக்காமல் வைத்திருந்தார்.

விஜிலா திரும்ப வாங்கிப் பார்த்தாள். “மாமா, புதுசு பிடிச்சிருக்கான்னு கேக்குது. நட்சத்திரம் போடணுமாம்.”

“கெட்ட வார்த்தை போட எடம் இருக்கான்னு பாரு.”

அப்போதுதான் தெருவில் அது கேட்டது. “ஹலோ… ஹலோ… மைக் டெஸ்ட்.”

கயித்தான் வெளியே வந்தார். அவர் வீட்டு வாசலில் இருக்கும் கரண்ட் கம்பத்தில் ரேடியோ செட்டுக்கார ஞானதீபம் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“ஏலே, யாருக்குக் கட்டுத?”

ஞானதீபம் ஏணியிலேயே நின்றான். “ஆனியக்காதான் அண்ணாச்சி… ஊருல அடுத்தடுத்து சாவு, துட்டி. பொறவு ஆள் கெடைக்காதுன்னு…”

ஆனி வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. “தப்பா நெனைக்காதீங்க அத்தான். எதுக்கும் இருக்கட்டும்னுதான்…”

மூச்சு இருக்கும்போதே ஒப்பாரிக்குக் குழாய் கட்டியிருக்கிறாள். கயித்தானின் கை ஏணியைப் பிடித்தது. ஆட்டிவிடப் போகிறார் என்று ஞானதீபம் கம்பத்தைக் கட்டிக்கொண்டான்.

“பைலா வச்சிருக்கியால?”

“என்னது?”

“பைலாவ்ல, பைலா.”

“கல்யாண வீட்டு பென் டிரைவ்ல இருக்கு அண்ணாச்சி. இப்ப துட்டி வீட்டு பென் டிரைவ்தான் சொருகியிருக்கேன்.”

“அதப் புடுங்கு. குழாய இந்தச் சன்னல் பக்கம் திருப்பு. ஆம்ப்ளிபயர் பெட்டிய உள்ள கொண்டா.”

“அத்தான், சாமிக்குப் பொறுக்காது!”

“சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ போயி அவ காலப் பிடி, சில்லுன்னு கெடக்கு.”

பெட்டி அவள் அறைச் சன்னலில் வந்து உட்கார்ந்தது. அழுக்கேறிய பெரிய பெட்டி. முன்பக்கம் கறுப்புக் குமிழ்கள்.

“சத்தத்துக்கு எது?”

“இது அண்ணாச்சி.”

“நாளைக்கும் இங்கனதான் இருக்குமா?”

“வேற எங்க போவும்?”

முதல் சத்தம் தெருவையே உலுக்கியது. குழாய் அலறினால் போய்விட்டாள் என்று அர்த்தம். செபமாலையும் கையுமாக ஓடிவந்த பெண்கள் பைலாவைக் கேட்டு வாசலிலேயே திகைத்து நின்றார்கள். ஒருத்தி சிலுவை போட்டாள். ஒருத்தி, “கிழவனுக்குப் புத்தி பிசகிட்டு” என்றாள்.

“ஆமா, பிசகிட்டு. கேக்கப் பிடிக்காதவ வீட்டப் பாத்துப் போங்க!”

ஒருத்தியும் போகவில்லை. கயித்தான் குமிழை மெல்லத் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அல்போன்சாவுக்குப் பிடித்த அளவில் நிறுத்தினார். கையை மட்டும் எடுக்கவில்லை. அவள் கண் திறக்கவில்லை. போர்வைக்குள் தோள் ஒருமுறை அசைந்தது. மூச்சுக்கு அசைந்ததா, வேறு எதற்கா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஆனி அக்காவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த பாட்டு பாதி ஓடும்போது ஆனியின் கை நின்றது. எழுந்து அக்காவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு அலற வாயைத் திறந்தாள்.

“பாட்டு முடியட்டும்” என்றார் கயித்தான்.

ஆனி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். வாசலில் நின்ற பெண்களுக்கும் புரிந்துவிட்டது. செபமாலையை உருட்டியபடி பாட்டு முடியக் காத்து நின்றார்கள். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிவந்த லாரி ஒன்று, கூட்டத்தைத் தாண்ட முடியாமல் தெருவில் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் ஹாரனில் கை வைத்தவன், குழாயைப் பார்த்தான், சன்னலைப் பார்த்தான். பிறகு எஞ்சினை அணைத்தான்.