பூப்போட்ட கம்பளம்

கடைக்காரர் சுருளைத் தள்ளிவிட்டதும் இளஞ்சாம்பல் நிறக் கம்பளம் கணவன் மனைவி இருவரின் காலடி வரை ஓடிவந்து விரிந்தது. அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. சாப்பாட்டு அறைக்கு அவள் தைத்துப் போட்டிருந்த வெளிர்நீலத் திரைச்சீலைகளுக்கு அவ்வளவு பொருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை மகள், தான் கட்டிக்கொள்ளப்போகும் பையனைச் சாப்பிட அழைத்து வருகிறாள். அதற்காகத்தான் அந்த அறையை அவள் இப்படி இழைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்குப் புதுப் பெயின்ட், மேசைக்கு மேலே தொங்குவிளக்கு. கணவரே எலக்ட்ரீஷியன், ஆனால் விளக்கை மாட்ட வெளியாள் வரவேண்டியிருந்தது. ஏணியின் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "நல்லாத்தான் மாட்டியிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குப் போய்விட்டார்.

பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடும் அங்கேதான். இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகியிருந்தார். பாதி வாய்க்குப் போகும், பாதி மடியில் விழும். அவள் தட்டை வைத்துவிட்டு நகர்ந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார். கல்யாணம் ஆனதிலிருந்து அருகருகே சாப்பிட்டவர்கள். இப்போது அவள் மேசையில் தனியாக உட்கார்ந்து, விடைத்தாள் திருத்திக்கொண்டே எதையோ விழுங்கிவிட்டு எழுந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டபோதும், "நீங்கல்லாம் சாப்பிடுங்க. நான் அப்புறமா வந்து பேசிட்டிருக்கேன்" என்றுதான் சொன்னார். அவள் வற்புறுத்தவில்லை.

"இதையே கட்டிடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

"கொஞ்சம் இரு, டீச்சர்." பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருபவளைக் கணவர் வீட்டிலும் வெளியிலும் அப்படித்தான் கூப்பிடுவார். காலை இழுத்து இழுத்துக் கடையின் மூலைக்குப் போனார். அங்கே ஒரு கம்பளம் கிடந்தது. சிவப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை. இலையும் பூவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, விரல் வைக்கக்கூட வெற்றிடம் இல்லை.

"இது எப்படி?"

"ஐயோ, இதுவா? கர்ட்டனுக்கும் இதுக்கும் ஒட்டவே ஒட்டாது. சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்குங்க."

"இருந்துட்டுப் போகட்டும்." மெல்லக் குனிந்து இடது கையால் தடவிப் பார்த்தார். "இதுல எது சிந்தினாலும் தெரியாது."

"யாரு சிந்தப் போறா? அந்தப் பையன் என்ன சின்னக் குழந்தையா..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

அவர் நிமிரவில்லை. ஒரு பூவின் ஓரத்தை விரலால் சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டிருந்தார். பாவம் அந்தத் திரைச்சீலைகள் என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டாள்.

"எனக்கும் இதான் பிடிச்சிருக்கு."

"பொய்."

"பொய்தான். கட்டச் சொல்லுங்க."

சுருள் வாடகைக் காருக்குள் அடங்கவில்லை. டிரைவர் முணுமுணுத்தபடி அதை முன்சீட்டுகளுக்கு நடுவே நுழைத்து, பின்சீட்டின் மேல் சாய்த்து வைத்தார். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. பள்ளத்தில் கார் குலுங்கியபோது, சுருளுக்கு மேலாக ஒரு கை துழாவிக்கொண்டு வந்தது. முதலில் அவள் காதைப் பிடித்தது. பிறகு தோளைக் கண்டுபிடித்து, அங்கேயே இருந்துகொண்டது.