சூடத்துக்கு முன்னால்

“உன் பேரென்னம்மா?” என்று ஜட்ஜ் கேட்டார். அதற்கே எனக்குப் பதில் வரவில்லை.

என் பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றதற்கும் எழுந்து நின்று பதில் சொல்லும் பயம்தான் காரணம். உத்தமபாளையம் கோர்ட்டில் சாட்சிக் கூண்டின் கம்பியில் கை வழுக்கியது. எதிரே ஆதித்தன் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்மாய்க்குத் தண்ணீர் போகும் வாய்க்காலை மூடி அவர் திராட்சைப் பந்தல் போட்டுவிட்டார் என்று என் மாமா ஒச்சாண்டி தொண்ணூற்றேழில் போட்ட வழக்கு. அங்கே வாய்க்காலே இருந்ததில்லை என்பது ஆதித்தன் தரப்பு. போன வருடம் அவருடைய ஆட்கள் அந்த வாய்க்காலின் பழைய மடைக்கல்லைப் பெயர்த்தபோது, நாங்கள் சில பெண்கள் பந்தலுக்கடியில் கொத்துகளில் நெருக்கமாக இருந்த காய்களைக் கழித்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வாயே திறக்கவில்லை. ஜட்ஜ் வேறு தேதிக்கு வாய்தா கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் மாமா என்னைத் திட்டவில்லை. தன் கதையைச் சொன்னார். முதல் வக்கீல் செத்துப்போனது, வைக்கோல் படப்பு எரிந்தது, கூடக் கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றது.

“பொண்ணு கேட்டுப் போன எடத்துலயும் கேசு முடியட்டும்னு வாய்தா போட்டுட்டாக. இனி இந்த நரைச்ச தலைக்கு எவ வருவா?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோர்ட் வாசலில் நின்ற ஆதித்தனின் ஜீப் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

“பயமா இல்லையா மாமா?”

“இல்லாம? எவனாச்சும் கதவத் தட்டுனா இன்னமும் வயிறு கலங்குது. கலங்கிக்கிட்டேதான் ஆத்தா போயிட்டு வாரேன்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆதித்தனே ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். கையில் தட்டு. வீரபாண்டி அம்மன் கோயில் குங்குமம், அதன் மேல் சூடம்.

“முருகம்மா, கோர்ட்டெல்லாம் நமக்கெதுக்கு? மடைக்கல்லப் பாத்தேன்னு ஒம் மக இந்தச் சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். நானே வாய்க்காலத் தோண்டி விடுறேன்.”

“சொல்றத கோர்ட்டுல சொல்லுவா” என்றார் மாமா.

“அங்கனதான் வாயத் தொறக்கலையேப்பா ஒன் மருமக! ஊமையக் கூட்டியாந்து சாட்சிங்கிற.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்தாள்.

“வேணாம்டி. சத்தியம் பண்ணிட்டேன்னா, நாளைக்கு ஒன்னய லாரி அடிச்சாலும் பொய்ச் சத்தியத்துக்கு வீரபாண்டி ஆத்தா அடிச்சுட்டான்னுதான் சொல்லுவாக. எவன் மேலயும் கேசு நிக்காது.”

வெளியே அவர் சூடத்தைக் கொளுத்திவிட்டார். மாமா சுவரோரம் நின்றிருந்தார். “உள்ள போ கிருபா” என்றார். “ஒன்னயக் குடுத்துத் தண்ணி வாங்க வேணாம். கேசே வேணாம், போ.”

வழக்கு வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தட்டின் முன்னால் போய் நின்றேன். உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். சுட்டது. அதற்குப் பிறகுதான் “பாத்தேன்” என்று என் வாயிலிருந்து வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஆதித்தன் என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். அடையாளம் வைத்துக்கொள்பவர்போல் நெற்றி, கண், கழுத்து எல்லாவற்றையும் பார்த்தார்.

“அண்ணே, தட்டு?” என்றான் கூட வந்த ஒருவன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, தட்டை அங்கேயே விட்டுவிட்டு, வெயிலில் இறங்கிப் போனார்.