கார் ஷெட்டுக்கு ஒரு பீரோ

என் வீட்டுக்காரர் வீரேந்திரனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மாத்திரை நிற்கக் கூடாது, கவுன்சிலிங்குக்குத் தவறாமல் வர வேண்டும், அதெல்லாம் சரி. ஆனால் வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து எதுவும் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கவே கூடாது என்றார். பூட்டி வையுங்கள், சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நினைப்பு வந்து ஆட்டிவைக்கிற நேரம் கொஞ்சம்தான், அதைத் தாண்டிவிட்டால் மனுஷன் பிழைத்துக்கொள்வார் என்றும் சொன்னார்.

தூக்கிப் போட வேண்டியதுதானே என்பீர்கள். வீட்டில் இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அப்புறப்படுத்தினேன். இருந்த ஆத்திரத்தில் ஸ்பிரேயரையும் சேர்த்து ஒழித்தேன். ஆனால் ஊரில் எங்கள் நிலத்தில் மணிலா, வேர்க்கடலைதான், போட்டிருக்கிறோம். பயிர் இருக்கிறவரை மருந்து எப்போது வேண்டுமானாலும் வரும், வந்தால் வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில்தான் இறங்கும். இத்தனை நாளும் லீவு போட்டுவிட்டு அந்த ஷெட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போயாக வேண்டும். பகல் முழுக்க அவர் வீட்டில் தனியாக இருப்பார்.

நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று தரையைப் பார்த்து நடக்கிற சமண நயினார் குடும்பம் எங்களுடையது. அதில் ஒருவர் தன் உயிரையே எடுக்கப் பார்த்தார் என்று எந்த வாயால் சொல்வது? சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தேன். பொழுது சாய்ந்தால் சாப்பிடாத, மீந்ததைத் தொடாத வீட்டில் எந்தச் சாப்பாடு கெட்டுப்போகும்? பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், எனக்கு அது கிடையாது. சொந்தக்காரர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வாசல் தாண்டியதும் அவரவர் இஷ்டத்துக்குப் பேசினார்கள்.

அவரும் வாயைத் திறக்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அழுது கேட்டேன், கத்திக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கட்டிய பெண்டாட்டியிடம் சொல்ல முடியாதது அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். அப்புறம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

சனிக்கிழமை பீரோ வாங்கக் கிளம்பினேன். தானும் வருவதாகச் சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டார். பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலம் முடித்த கூட்டம் பஸ் பஸ்ஸாக ஏறிக்கொண்டிருந்தது, ஆட்டோ எங்கெங்கோ சுற்றிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

கடைக்காரர் வேணு நல்ல வாயாடி. கண்ணாடி வைத்தது, பூப்போட்டது, சீர்வரிசைக்கு ஏற்றது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கார் ஷெட்டில் வைக்க வேண்டும், பூட்டு உறுதியாக இருந்தால் போதும் என்றேன். ஷெட்டில் அப்படி என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். பெயின்ட், தின்னர் என்று ஆரம்பித்து, பேரன் வருவான், எதிலாவது கை வைப்பான் என்று முடித்தேன். எங்கள் ஒரே பெண் சுருதிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

வேணுவுக்கு விஷயம் சுலபமாகிவிட்டது. முன்னால் நின்ற ஒரு பீரோவைத் தட்டிக் காட்டினார்.

"சின்னப் பையனுக்குத்தானே, இது போதும்மா. வெலையும் கம்மி. நீங்களே சாவிய தொலைச்சுட்டாக்கூட பயமில்ல, பெரியவங்க ஓங்கி இழுத்தா தொறந்துக்கும்."

வேறு காட்டுங்கள் என்றேன். மூலையில் ஒன்று நின்றது. கனத்த தகடு, மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் தாழ் போய் விழுகிற பூட்டு, கம்பெனிகளுக்குச் செய்வது. அதைக் கேட்டால், உங்களுக்கு அது ஜாஸ்தி, குழந்தைக்காக எதற்கு வீண் செலவு என்று தடுத்தார். நல்ல மனுஷன், அதுதான் வினையாகப் போயிற்று. கேட்டதை எடுத்துக் கொடுங்கள், வியாக்கியானம் வேண்டாம் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் அதட்டிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"பேரன் இல்லீங்க," என்றார் என் வீட்டுக்காரர். "எனக்குத்தான்."

வேணு புரியாமல் சிரித்தார்.

"மருந்தைக் குடிச்சுட்டு ஆஸ்பத்திரில கெடந்துட்டு வந்திருக்கேன். மறுபடி அந்த நெனப்பு வந்தா என்னால தொறக்க முடியாததா வேணும். அதான் இவங்க கேக்கறாங்க."

கூச்சத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடையை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. என்னிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவரிடம், தலையைக் குனியாமல் சொல்லிவிட்டார்.

இரண்டையும் பூட்டிக் காட்டச் சொன்னார் இவர். வேணுவும் பூட்டிவிட்டுத் தள்ளி நின்றார்.

முதலில் இவர் அந்த மெல்லிய தகட்டுப் பீரோவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு ஓரத்தில் வளைந்து, ஒரே இழுப்பில் திறந்துகொண்டது. அதை அவரே மூடினார்.

பிறகு மூலைக்குப் போனார். காலை அகட்டி ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். சும்மா பேருக்கு இழுக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கையில் ஊசி குத்திய இடம் இன்னும் கருத்துக் கிடந்தது. பீரோவே தரையில் கிறீச்சிட்டு முன்னால் நகர்ந்தது, கதவு அசையவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிலும் தோற்கக் கூடாதென்று வேண்டிக்கொண்டவள் நான். அன்றைக்கு, தோற்கட்டும், தோற்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கைப்பிடியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"முடியல கனகா," என்றார். "இதையே எடுத்துக்கலாம்."